அட்டையில் திரும்பி நின்ற மலை

"14-9-1981. மலர்க்குழுக் கூட்டம், மாலை 4.20. வந்தவர்கள் ஒன்பது பேர். முடிவு: இந்த ஆண்டு மலரின் அட்டையில் கோபுரம் வேண்டாம். குத்துவிளக்கும் வேண்டாம். ஒருவர் எதிர்ப்பு."

திருவண்ணாமலையில் நான் படித்த பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் ஆண்டு மலருக்கு, பிளஸ் ஒன் படிக்கும்போது குழுச் செயலாளராக இருந்தேன். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் முதல் பதிவாக இருப்பதுதான் மேலே உள்ளது. நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எதிர்த்தவர் எங்கள் தமிழாசிரியை.

"கோபுரம் இல்லாம இது திருவண்ணாமலைப் பள்ளிக்கூடம்னு எவளுக்குடி தெரியும்?" என்று கேட்டார்.

"பேரு போட்டிருக்கும் இல்லீங்களா டீச்சர்" என்றாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அவள் அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வருகிறவள். வகுப்பிலும் எனக்குப் பக்கத்து இடம். பாடத்தில் சுமார், வாயில் முதல் மாணவி.

அந்த முடிவுக்கு நானும் ஒரு காரணம். நூலகத்தில் 1973 முதல் சேர்த்து வைத்திருந்த மலர்கள் எட்டையும் எடுத்து ஒரு பட்டியல் போட்டிருந்தேன். ஐந்தின் அட்டையில் கோபுரம். இரண்டில் குத்துவிளக்கு. மிச்சம் ஒன்றில் கோபுரத்துக்கு முன்னால் குத்துவிளக்கு. 1975ஆம் ஆண்டு மலரைக் காணவில்லை என்று முதலில் எழுதிப் பிறகு அடித்திருக்கிறேன். அது தலைமையாசிரியை அறையில் ஜன்னல் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. பட்டியலைக் கூட்டத்தில் படித்தபோது தலைமையாசிரியையே சிரித்துவிட்டார். அவர் கணக்குப் பாடம் எடுத்தவர். எதையும் பட்டியலாகக் கொடுத்தால் பாதி ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

கோபுரம் போனதும் அதன் இடத்தில் என்ன வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஓவிய டீச்சர் அந்த ஆண்டுதான் புதிதாக வந்திருந்தார், வேலூர்க்காரர். மலர் என்றால் முன் அட்டையிலிருந்து பின் அட்டை வரை ஒரே விஷயம் ஓட வேண்டும் என்றார். கவிதை, கட்டுரை, விளையாட்டு விழா அறிக்கை என்று கிடைத்ததையெல்லாம் கட்டி வைப்பதற்குப் பெயர் மலர் இல்லையாம், மூட்டையாம். அப்புறம் கரும்பலகையில் சாக்பீஸால் ஒரே கோட்டில் மலையை வரைந்தார்.

"சரியா இருக்கா?"

அவ்வளவுதான். அறை இரண்டுபட்டது. வலப்பக்கச் சரிவு இன்னும் நீளம் என்றாள் ஒருத்தி. உச்சி இத்தனை கூர்மை கிடையாது என்றாள் இன்னொருத்தி. செங்கம் சாலைப் பக்கமிருந்து வருகிற பெண், "இது எங்க மலையே இல்லீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். கிரிவலம் போகிற வழியில் மலை நூறு விதமாக மாறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனாலும் அவரவர் வீட்டு வாசலிலிருந்து தெரிவதுதான் மலை, மற்றதெல்லாம் அதன் பக்கவாட்டு என்பது ஊரில் ஒவ்வொருவருடைய மனத்திலும் உள்ள எண்ணம். நானும் விலக்கல்ல. எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் நீண்டு இறங்கும் சரிவு, வலப்பக்கம் ஒரு தோள், உச்சிக்குச் சற்றுக் கீழே வலப்பக்கத்தில் துருத்திக்கொண்டு ஒரு பாறை. அதுதான் மலை. அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

சண்டை ஓய்ந்ததும் ஓவிய டீச்சர் சொன்னார்: "இதையே வச்சுக்கலாமே. எங்கள் வீட்டிலிருந்து மலை."

அப்படித்தான் மலருக்குப் பொருள் கிடைத்தது. மூன்று வாரத்தில் கட்டுரைகள் வந்து குவிந்தன. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியது எனக்கு மனப்பாடம்: "எங்கள் வீட்டிலிருந்து மலை தெரியாது. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடாத நாளில் தெரியும். வெள்ளிக்கிழமை நன்றாகத் தெரியும்." லாட்ஜ்கள் இருக்கும் தெருவிலிருந்து வந்த கட்டுரையில் முக்கால்வாசி, லாட்ஜ் மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டியைப் பற்றியது. அதன் இடுக்கு வழியாக மலையின் நுனி தெரியுமாம். தமிழாசிரியைகூட அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆனால் அட்டை விஷயத்தில் அவர் இறங்கி வரவில்லை. போன ஆண்டு அட்டைக்கு அடித்த கோபுரப் பிளாக் அச்சகத்தில் பத்திரமாக இருக்கிறது என்று வாரத்துக்கு ஒருமுறையாவது ஞாபகப்படுத்தினார்.

அட்டைப் படத்தை லினோலியத்தில் வெட்டலாம் என்று ஓவிய டீச்சர் சொன்னது டிசம்பரில். வேலூரில் யார் வீட்டிலோ தரைக்குப் போட்டு மிஞ்சிய ஒரு துண்டைக் கொண்டு வந்திருந்தார். வெட்ட உளி கிடைக்கவில்லை. பழைய குடைக்கம்பியை ஒடித்து, முனையைக் கல்லில் தீட்டி, மரப்பிடியில் செருகிக் கொடுத்தார். குடைக்கம்பிக்கு நடுவில் பள்ளம் இருப்பதால் வெட்டும்போது சுருள் சுருளாக வரும். வெட்டிய இடம் மை படாமல் வெள்ளையாக நிற்கும், வெட்டாத இடம் அச்சாகும். மூன்று பேருக்கு ஆளுக்கொரு துண்டு. தாளில் வரையாமல் லினோலியத்திலேயே வெட்ட வேண்டும், எது நன்றாக வருகிறதோ அது அட்டைக்கு.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. அச்சுல எல்லாம் இடம் வலம் மாறிடும். அதனால மாத்தி வெட்டணும்" என்று சொல்லிவிட்டு, பொங்கலுக்கு முன்பே பிரசவ விடுப்பில் ஊருக்குப் போனார் ஓவிய டீச்சர்.

விடுமுறை முடிந்து மூன்று துண்டுகளும் வந்தன. முதல் பெண் மலையுச்சியில் தீபம் வெட்டப்போய், கம்பி வழுக்கி லினோலியத்தில் ஓட்டை போட்டிருந்தாள். இரண்டாவது பெண் துண்டின் மேல் சூடான பாத்திரத்தை வைத்த அவள் அம்மாவைத் திட்டிக்கொண்டே கொடுத்தாள். மூன்றாவது, அடி அண்ணாமலைக்காரியுடையது.

மேசைமேல் அதை வைத்ததும் எல்லோரும் தலையை நீட்டிக் குனிந்தோம். இடப்பக்கம் நீண்ட சரிவு, வலப்பக்கம் தோள், உச்சிக்குக் கீழே பாறை. அச்சு அசலாக எங்கள் மலை. தலைமையாசிரியை ஜன்னல் வழியாக ஒருமுறை மலையைப் பார்த்தார், ஒருமுறை மேசையைப் பார்த்தார், தலையை ஆட்டினார். தமிழாசிரியை, "நல்லாத்தான் வெட்டியிருக்கா" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிது. அங்கே நின்ற ஏழெட்டுப் பேரில் ஒருத்திக்குக்கூட, வெட்டின துண்டில் மலை சரியாகத் தெரிந்தால் அச்சில் அது எப்படி வரும் என்ற யோசனை வரவில்லை. வேறு எந்தப் படமாக இருந்தாலும் வந்திருக்கும். தினமும் பார்க்கிற மலையாகப் போயிற்று. பார்த்ததும் தெரிந்துவிட்டது, தெரிந்துவிட்டதால் மேலே யாரும் பார்க்கவில்லை.

அவள் மட்டும் தாவணி நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். கிராமத்திலிருந்து வருகிற ஒருத்தியின் படம் அதுவரை மலருக்குள்ளேகூட வந்ததில்லை. அட்டையில் வரப்போகிறது என்றதும் எனக்குத்தான் கையைத் தட்ட வேண்டும்போல் இருந்தது. வெளியே வந்ததும் கேட்டாள்: "நெஜமா போட்டுடுவாங்களா? இல்ல, கோபுரம் வந்து குந்திக்குமா?"

"நான் பாத்துக்கறேன்" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

27-1-1982 அன்று அச்சகத்தில் அட்டைக்குப் புரூஃப் பார்த்தேன். கால் மிதியில் ஓடும் சின்ன மெஷின். வெளிர் மஞ்சள் அட்டையில் கருநீல மை. புரூஃப் பார்ப்பதில் எனக்கு அப்போதே ஒரு பெருமை உண்டு. பள்ளியின் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஆண்டைப் பார்த்தேன். 'மலர்' என்பதற்குப் பின்னால் வந்திருந்த தேவையில்லாத புள்ளியை எடுக்கச் சொன்னேன். 'மேல்நிலை'யில் ஒரு மெய்யின் புள்ளி தேய்ந்திருந்தது. எழுத்தை மாற்றச் சொன்னேன். அச்சக முதலாளி, "கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கினு பாக்குதுப்பா இந்தப் பொண்ணு" என்று மெஷின்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது. மூலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மலையை நான் பார்க்கவில்லை. மலையில் என்ன பிழை இருந்துவிடப் போகிறது?

29ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, அட்டைகள் கட்டுக் கட்டாகப் பள்ளிக்கு வந்தன. ஆண்டு விழாவுக்குச் சரியாக ஒரு வாரம். கட்டைப் பிரித்தவர் தமிழாசிரியை.

"ஐயையோ, மலை திரும்பிக்கிச்சே!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். தோள் இடப்பக்கம் இருந்தது. நீண்ட சரிவு வலப்பக்கம். பாறையும் இடம் மாறி நின்றது. பிழை என்று சொன்னால்கூடப் போதாது, வேற்றூர் மலை மாதிரி இருந்தது. மூலையில் என் கையெழுத்துப் போட்ட புரூஃபும் கட்டோடு வந்திருந்தது.

"மாத்தி வெட்டுன்னு சொன்னாங்க இல்லடி? நேரா வெட்டி வச்சிருக்கே" என்று தமிழாசிரியை அவளைப் பார்த்துக் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, பாவம் பார்க்கிற குரலில். அதுதான் மோசமாக இருந்தது. பிறகு தலைமையாசிரியையிடம், "கோபுரப் பிளாக் ரெடியா கீதுங்க. இன்னிக்குச் சொன்னா திங்கட்கிழமை அடிச்சுக் குடுத்துடுவாங்க" என்றார்.

தலைமையாசிரியை தலையை அசைக்கப் போன நேரம் அவள் சொன்னாள்: "இல்லீங்க டீச்சர். இது சரியாத்தான் வந்திருக்குது."

"எப்படிச் சரி?"

"எங்க ஊர்ல இருந்து பாத்தா இப்படித்தாங்க தெரியும். நீங்க இந்தாண்ட நின்னு பாக்கறீங்க. நாங்க அந்தாண்ட கீறோம். எங்க வீட்டிலிருந்து மலைன்னுதானே எழுதச் சொன்னீங்க? நான் எங்க வீட்டிலிருந்துதான் வெட்டினேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "வாய் ஜாஸ்திடி உனக்கு" என்றார் தமிழாசிரியை. தலைமையாசிரியை சிரிக்கவில்லை. ஓர் அட்டையை எடுத்துக் கையிலிருந்த பேனாவை அதன் நடுவில் வைத்து, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை விரலால் அளந்தார். எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடம் வலம் மாறும். அதற்கு மேல் கரும்பலகை தேவையில்லை. ஆனால் அவர் எதையும் போட்டுப் பார்க்காமல் விடை எழுதாதவர்.

"நாளைக்கு லீவுதானே. போய்ப் பாத்துடுவோம்" என்றார்.

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஒரு ஜட்கா வண்டியில் நாங்கள் நாலு பேர் ஏறினோம்: தலைமையாசிரியை, தமிழாசிரியை, அவள், நான். அவள் முந்தின நாள் ஊருக்கே போகாமல் எங்கள் வீட்டில் தங்கிவிட்டாள். ஊரில் போய் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாள் என்று யாரும் பேசக் கூடாதாம். மடியில் ஒரு அட்டை. வண்டிக்காரர் எங்கே போகிறோம் என்று கேட்டார். மலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போகிறோம் என்றார் தலைமையாசிரியை. "நேத்து சாயங்காலம் இருந்துச்சுங்களே" என்றார் வண்டிக்காரர்.

வழியெல்லாம் மலை திரும்பிக்கொண்டே வந்தது. சில இடத்தில் இரண்டு உச்சி, சில இடத்தில் மூன்று. தமிழாசிரியை ஒவ்வொரு திருப்பத்திலும் அட்டையை வாங்கிப் பார்த்து, "இல்லை", "இதுவும் இல்லை" என்று ஒரு பரிசோதகர் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். அடி அண்ணாமலையில் அவள் வீட்டுக்கு முன்னால் வண்டி நின்றபோது அறுவடைக் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் முறத்தோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். விஷயம் தெரிந்ததும் அட்டை கைக்குக் கை மாறியது.

"ஏ, நம்ம மலைப்பா இது!" என்றார் ஒருவர்.

"பின்ன? சட்டமா கீது" என்றார் இன்னொருவர்.

"டவுன்ல இது திரும்பிக்கிச்சுன்னு சொல்றாங்களாம்" என்று அவள் போட்டுக்கொடுத்தாள்.

அவள் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "டவுன்காரங்க முதுகைப் பாத்துக்கினு மூஞ்சின்றாங்க, விடுடி."

தமிழாசிரியைக்குச் சுருக்கென்றது. "கோயில் எங்க பக்கம்தானே இருக்குதும்மா? அப்போ மூஞ்சி எந்தப் பக்கம்?"

"இங்கயும் கோயில் கீதுங்க டீச்சரம்மா. வாங்க, கும்பிட்டுக்கினு வந்து அப்புறம் பேசலாம்."

கூட்டம் ஆர்ப்பரித்தது. தமிழாசிரியையே சிரித்துவிட்டார்.

தலைமையாசிரியை அட்டையைக் கைநீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மலையோடு ஒட்டிப் பார்த்தார். வெயில் மலைக்குப் பின்னாலிருந்து வந்ததால் மலை கருநீலமாக, வெறும் உருவமாக நின்றது. அட்டையில் இருந்த மாதிரியே. இடப்பக்கம் தோள். வலப்பக்கம் சரிவு. இரண்டும் பொருந்தின. பாறை மட்டும் தெரியவில்லை.

"இந்தப் பாறை எங்கே?"

"கொட்டாய்க் கூரை மேல ஏறிப் பாத்தா தெரியுங்க. நான் அங்கதான் குந்திக்கினு வெட்டினேன்" என்றாள் அவள், மாட்டுக் கொட்டகையைக் காட்டி.

தலைமையாசிரியை தன் புடவையையும் கூரையையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஏறினேன். கீற்று நழுவியது, கீழே நின்ற ஐந்து பேர் ஐந்து விதமாகக் கால் வைக்கச் சொன்னார்கள். மேலே போனதும் வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. கையை நெற்றியில் வைத்து எவ்வளவு நேரம் பார்த்தும் உச்சிக்குக் கீழே வெறும் கண்கூச்சம்தான், பாறை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

"தெரியுதாடி?" என்றார் தலைமையாசிரியை.

கீழே அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொய் சொல்லவில்லை. "கண்ணு கூசுதுங்க டீச்சர். சொல்ல முடியல" என்றேன்.

கீற்றைப் பற்றிக்கொண்டு இறங்கினேன். பிறகு தலைமையாசிரியை அட்டையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "தோள் சரி. சரிவு சரி. உச்சி சரி. பாறை மட்டும் பாக்கி. நாலுக்கு மூணு. கணக்குல முக்கால் மார்க் வாங்கினா நான் ஃபர்ஸ்ட் கிளாஸ்தான் போடுவேன்." தமிழாசிரியையிடம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

தமிழாசிரியை வறுத்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருந்தார். அவள் அம்மா முந்தானையில் கொண்டு வந்து எல்லோர் கையிலும் திணித்திருந்தார். "படத்துக்குக் கீழே ஒரு வரி போட்டாகணும். இல்லைன்னா விழாவுல நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்றது?" என்றார்.

அந்த வரியையும் அவரே எழுதினார்: 'அடி அண்ணாமலையிலிருந்து.' திங்கட்கிழமை எல்லா அட்டைகளையும் மறுபடி மெஷினில் ஏற்றி, படத்துக்குக் கீழே அந்த ஒரு வரியை மட்டும் அடித்தார்கள். இந்த முறை புரூஃபில் எழுத்துகளைப் பார்த்த பிறகு மலையையும் ஐந்து நிமிடம் பார்த்தேன்.

5-2-1982, ஆண்டு விழா. மலரைக் கையில் வாங்கிய டவுன் பெற்றோர் ஒவ்வொருவரும் முதலில் செய்தது ஒன்றுதான். அட்டையைப் பார்த்தார்கள், நெற்றியைச் சுருக்கினார்கள், கீழே இருந்த வரியைப் படித்தார்கள். பிறகு அட்டையை மட்டும் விரித்து வெயிலில் தூக்கிப் பிடித்துப் பின்பக்கமாகப் பார்த்தார்கள். அப்போது அவர்கள் மலை அவர்களுக்குத் தெரிந்தது. மைதானம் முழுக்க மஞ்சள் அட்டைகள் தலைக்கு மேலே எழுந்து நின்றன. அடி அண்ணாமலையிலிருந்து ஒரு டிராக்டர் நிறைய வந்திருந்தவர்கள் யாரும் அட்டையைத் திருப்பவில்லை. அவள் அப்பா மலரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, எதிரில் வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, வெளியே எடுத்துக் காட்டி, மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். பரிசளிப்பு முடிந்ததும் அவள் என்னிடம் வந்து என் கன்னத்தைப் பலமாகக் கிள்ளினாள். நன்றி சொல்வது அவளுக்கு அப்படித்தான் வரும்.

எனக்கு இருந்த ஒரே உறுத்தல் அந்தப் பாறை. அவள் சொன்னபடி, தன் வீட்டிலிருந்து பார்த்த மலையை இடம் வலம் மாற்றி வெட்டியிருந்தால் எல்லாம் சரி. இல்லை, பள்ளி ஜன்னலிலிருந்து தினமும் பார்த்த மலையை நினைவில் வைத்து, மாற்ற மறந்து, நேராக வெட்டியிருந்தாலும் அச்சில் இதே படம்தான் வந்திருக்கும். டவுன் பக்கத்திலிருந்து அந்தப் பாறை நன்றாகத் தெரியும். 1987இல் அவள் கல்யாணத்துக்குப் போனபோது, மாலையும் கழுத்துமாக இருந்தவளிடம் காதோடு கேட்டேன்.

"நெஜத்தைச் சொல்லு. மாத்தி வெட்டினியா, மறந்துட்டியா?"

"கல்யாணப் பொண்ணுகிட்ட கேக்கற கேள்வியாடி இது?" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளைக்குக் கேட்கும்படி உரக்கச் சிரித்தாள். "அட்டை வந்துச்சா இல்லையா?"

வந்தது. அன்று மாலை, வெயில் மலைமேல் நேராக விழும் நேரத்தில் ஏறிப் பார்த்துவிடலாம் என்று கொட்டகைப் பக்கம் போனேன். அதைப் பிரித்துவிட்டு அங்கே பந்தல் போட்டிருந்தார்கள். அந்தக் கூரையின் மேலிருந்து பாறை தெரிந்ததா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.